லியோனைச் சுற்ற எது சரி: மின் ஸ்கூட்டரா, நடையா, மலை ரயிலா, சைக்கிளா?

பாரிஸில் மகன் வீட்டுக்கோ அக்கா வீட்டுக்கோ வந்திருப்பவர்கள் ஒரு நாள் லியோன் போய்வரலாம் என்று கிளம்புவது உண்டு. டிஜிவி என்ற அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம்தான். காலையில் போய் இரவு திரும்பிவிடலாம். அப்படிக் கிளம்புகிறவர்களின் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "வழிகாட்டியோடு மின் ஸ்கூட்டரில் இரண்டு மணி நேரம் சுற்றிக் காட்டுகிறார்களாமே, அதை எடுக்கலாமா? இல்லை, நடந்தே பார்த்துவிடலாமா?"

ஸ்கூட்டர் என்றதும் ஆக்டிவாவை நினைக்க வேண்டாம். நின்றபடி ஓட்டும் வண்டி இது. ஒரு பலகை, ஒரு கைப்பிடி, கட்டைவிரலால் அழுத்தும் ஆக்சிலரேட்டர். சுற்றுலாவுக்குத் தருவது பெரும்பாலும் தடித்த டயர் போட்ட கனமான ரகம். ஒரு வழிகாட்டி முன்னால் போக, ஏழெட்டுப் பேர் வரிசையாகப் பின்னால் போவார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லியோனில் ஸ்கூட்டர் மலைக்கு நல்லது, ஆற்றங்கரைக்கும் நல்லது. சோன் ஆற்றங்கரையில் குன்றின் அடிவாரத்தில் இருக்கும் பழைய நகரப் பகுதியான பழைய லியோனுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. ஆகவே அந்த ஊரில் எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்துவிட்டால், எதில் போவது என்பது தானாகவே முடிவாகிவிடும்.

## எதை வைத்து முடிவு செய்வது

மேடு. லியோன் இரண்டு ஆறுகளுக்கும் இரண்டு குன்றுகளுக்கும் இடையில் கிடக்கிற ஊர். சோன் ஆற்றின் மேற்கே ஃபூர்வியேர் குன்று, வடக்கே குருவா-ரூஸ் குன்று, கிழக்கே ரோன் ஆறு. முதல் குன்றில் பசிலிக்காவும் மடங்களும் இருப்பதால் அது 'பிரார்த்தனை செய்யும் குன்று'. இரண்டாவதில் பட்டு நெசவாளர்கள் குடியிருந்ததால் அது 'வேலை செய்யும் குன்று'. இரண்டும் செங்குத்தாக ஏறும். வரைபடத்தில் பக்கத்தில் தெரிகிறதே என்று கிளம்பினால் மூச்சு வாங்கும். சில சந்துகள் முழுக்கப் படிக்கட்டு. மோந்தே தே ஷசோ என்ற ஒரே ஏற்றத்தில் மட்டும் 200க்கு மேல் படிகள்.

தரை. பழைய லியோனின் தெருக்கள் கல் பாவியவை, சமமில்லாதவை. மழை பெய்தால் வழுக்கும். சிறிய சக்கரத்தில் போனால் மணிக்கட்டு வரை அதிரும். டிராம் ஓடும் தெருக்களில் தண்டவாளம் இன்னொரு தொல்லை. அதை நேராக வெட்டிக் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் சக்கரம் பள்ளத்தில் சிக்கும்.

கதவுக்குப் பின்னால் இருப்பது. லியோனை மற்ற பிரெஞ்சு ஊர்களிலிருந்து பிரித்துக் காட்டுவது திராபூல்கள். ஒரு தெருவில் ஒரு வீட்டுக் கதவைத் திறந்து நுழைந்தால், முற்றங்களையும் தாழ்வாரங்களையும் கடந்து அடுத்த தெருவில் வெளியே வரலாம். அப்படிப்பட்ட வழிகள் ஊரில் நூற்றுக்கணக்கில் உண்டு. பொதுமக்களுக்குத் திறந்திருப்பவை அதில் சிறு பகுதிதான். இவற்றுக்குள் எந்த வண்டியும் போகாது, போகவும் கூடாது.

கூட வருபவர்கள். பலர் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். மூட்டு வலி உள்ள அம்மா, 12 வயது மகள், புடவையை விட மாட்டேன் என்கிற பெரியம்மா, இவர்களில் யாராவது குழுவில் இருந்தால் சில வழிகள் அப்போதே அடைபட்டுவிடும்.

பணத்தைத் தனி அளவுகோலாக வைக்கவில்லை. ஒவ்வொரு வழியிலும் மறைந்து நிற்கும் செலவை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## வழிகாட்டியோடு மின் ஸ்கூட்டர்

வண்டியைக் கையில் கொடுத்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் ஒரு திடலில் பழக்குவார்கள். தலைக்கவசம் அவர்களே தருவார்கள். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவருக்கு இது பெரிய வித்தை இல்லை. சமநிலை பிடிபட்டதும் ஒரு சந்தோஷம் வரும், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். குறிப்பாக ஃபூர்வியேர் ஏற்றத்தில், நடந்து ஏறுகிறவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்க, நீங்கள் சத்தமில்லாமல் அவர்களைத் தாண்டிப் போவீர்கள்.

உச்சியில் பசிலிக்காவுக்குப் பின்புற மேடையில் நின்றால் ஊர் முழுவதும் காலடியில் விரியும். முன்னால் சோன், நடுவில் இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட நீண்ட நிலத்தில் பெல்கூர் சதுக்கத்தின் செம்மண் நிறத் திடல், அதற்கும் அப்பால் ஊர்க்காரர்கள் 'பென்சில்' என்று கூப்பிடும் பார்-தியூ கோபுரம். வானம் மிகத் தெளிவாக இருக்கும் நாளில் மோன் பிளான் சிகரமும் தெரியும். அங்கிருந்து கொஞ்சம் இறங்கினால் ரோமானியத் திறந்தவெளி அரங்கம். கி.மு. 43இல் ரோமானியர் லுக்டூனம் என்ற பெயரில் ஊரைத் தொடங்கிய குன்று இது. கிளாடியஸ் சக்கரவர்த்தி பிறந்ததும் இந்த ஊரில்தான். அரங்கம் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் உட்காரக்கூடியது. உள்ளே போகக் கட்டணம் கிடையாது. இவ்வளவையும் இரண்டு மணி நேரத்தில், கால் வலிக்காமல், கதையோடு பார்க்க வேறு வழி இல்லை. மேட்டைப் பொறுத்தவரை ஸ்கூட்டருக்கு முழு மதிப்பெண்.

இறங்கிப் பழைய லியோனுக்குள் வந்ததும் கதை மாறுகிறது. சேன்-ஜான் தெரு நடப்பவர்களுக்கானது. அங்கே ஸ்கூட்டர் நடை வேகத்தில்தான் நகர வேண்டும். கோடைக்கால மதியங்களில் ஐஸ்கிரீம் கூட்டத்துக்கு நடுவே உருட்டிக்கொண்டுதான் போவீர்கள். திராபூல் பார்க்க வேண்டுமென்றால் வண்டிகளை வெளியே பூட்டிவிட்டு ஒன்றிரண்டுக்குள் மட்டும் கூட்டிப் போவார்கள். சில சுற்றுகளில் அதுவும் கிடையாது. வழிகாட்டி பேசுவதும் நிற்கும் இடங்களில் மட்டும்தான். ஓடும்போது உங்கள் கவனம் முன்னால் போகிறவரின் பின் சக்கரத்தில் இருக்கும். சன்னல் ஓரச் சிற்பத்தைப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது.

கட்டணம் நேரத்தைப் பொறுத்து ஒருவருக்கு 40 முதல் 60 யூரோ வரை எதிர்பார்க்கலாம். நான்கு பேர் என்றால் 160 முதல் 240 யூரோ வரை ஆகிவிடும். அதற்கு மேல் மறைந்திருப்பவை:

- வண்டிக்கான முன்பணம். அட்டையில் ஒரு தொகையைப் பிடித்துவைப்பார்கள். அந்த அட்டையில் அவ்வளவு வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள்.
- காப்பீடு. அவர்களுடைய காப்பீடு பெரும்பாலும் மற்றவருக்கு நீங்கள் ஏற்படுத்தும் சேதத்துக்குத்தான். நீங்கள் விழுந்து கை உடைந்தால் உங்கள் பயணக் காப்பீடுதான் பார்க்க வேண்டும். சில காப்பீடுகளில் மோட்டார் வைத்த இருசக்கர வண்டிகளுக்கு விலக்கு இருக்கும். சின்ன எழுத்துகளை ஊரிலேயே படித்துவிட்டு வாருங்கள்.
- வயதும் எடையும். பிரான்ஸில் 2023 செப்டம்பர் முதல் பொதுத் தெருவில் மின் ஸ்கூட்டர் ஓட்டக் குறைந்தபட்ச வயது 14. 'சின்னப் பையன்தானே, என் முன்னால் நிற்கட்டும்' என்பதும் நடக்காது. ஒரு வண்டியில் ஒருவர்தான். எடைக்கும் மேல் வரம்பு, கீழ் வரம்பு இரண்டும் வைத்திருப்பார்கள்.
- உடை. நம் ஊர் பைக்கில் துப்பட்டா சக்கரத்தில் சிக்கிய கதைகள் எல்லாருக்கும் தெரியும். அதே ஆபத்து இங்கேயும் உண்டு. புடவை, துப்பட்டா, செருப்பு எதுவும் ஆகாது. கால்சட்டையும் ஷூவும் போட்டுக்கொள்ளுங்கள்.

பாரிஸில் ஸ்கூட்டரைத் தடை செய்துவிட்டார்களே, லியோனில் மட்டும் எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 ஏப்ரலில் பாரிஸில் வாக்கெடுப்பு நடந்து, செப்டம்பரில் நிறுத்தப்பட்டது செயலி வழியாகத் தெருவில் எடுக்கும் வாடகை ஸ்கூட்டர்கள் மட்டுமே. சொந்த வண்டிக்கு அந்தத் தடை இல்லை. லியோனுக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை.

## வழிகாட்டியோடு நடை

பழைய லியோனுக்காகத்தான் போகிறீர்கள் என்றால் இதற்கு மேல் ஒன்றும் இல்லை. 1964இல், நெடுஞ்சாலைத் திட்டத்துக்குப் பலியாக இருந்த இந்தப் பகுதியைப் பிரான்ஸின் முதல் பாதுகாக்கப்பட்ட நகரப் பகுதியாக அறிவித்துக் காப்பாற்றினார்கள். 1998இல் யுனெஸ்கோ பட்டியலில் நகரின் வரலாற்றுப் பகுதி சேர்ந்தது. இந்தக் கதையெல்லாம் கல்லைத் தொட்டுக்கொண்டு கேட்க வேண்டியது.

சேன்-ஜான் தெருவில் 54ஆம் எண் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவிலிருந்து பார்த்தால் சாதாரணப் பழைய மரக்கதவு. பக்கத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் 'டக்' என்று பூட்டு விடும். தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டும், அவ்வளவு கனம். உள்ளே இருட்டான தாழ்வாரம். சுவரில் குடியிருப்பவர்களின் பெயர் எழுதிய தபால் பெட்டிகள். பத்தடி நடந்தால் திடீரென்று ஒரு முற்றம். மேலே சதுரமாக வானம். மறுபடி தாழ்வாரம், மறுபடி முற்றம். நான்கு கட்டடங்களை இப்படித் துளைத்துக்கொண்டு போய் பஃப் தெருவின் 27ஆம் எண்ணில் வெளியே வருவீர்கள். பழைய லியோனின் மிக நீளமான திராபூல் இதுதான். இவை மக்கள் இன்றும் வாழும் வீடுகள். உள்ளே குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும். மாடிப்படி ஏறக் கூடாது. கதவைத் திறந்து வைக்க ஒப்புக்கொண்ட வீட்டுக்காரர்களுக்குப் பராமரிப்புச் செலவில் நகராட்சி பங்கு கொடுக்கிறது.

நல்ல வழிகாட்டி குருவா-ரூஸ் சரிவுக்கும் கூட்டிப் போவார். அங்கே பட்டு நெசவாளர்களான கனூக்களின் வீடுகள். ஜக்கார் தறியை நிறுத்துவதற்காகக் கூரையை நான்கு மீட்டர் உயரத்தில் கட்டினார்கள். துளையிட்ட அட்டைகளை வைத்துப் பூவேலையைத் தானே நெய்யும் அந்தத் தறியை உருவாக்கிய ஜக்கார் லியோன்காரர். காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் இந்த ஊரில் பிறந்தது என்று தெரியும்போது ஒரு நெருக்கம் வரும். 1831இலும் 1834இலும் கூலிக்காகக் கனூக்கள் கிளர்ந்தெழுந்ததும் இந்தச் சரிவில்தான். கூர் தே வொராஸ் என்ற முற்றத்தில் ஆறு மாடி உயரத்துக்குப் போகும் கல் படிக்கட்டின் கீழே நின்று இந்தக் கதையைக் கேட்க வேண்டும். ஸ்கூட்டர் சுற்றில் இது கிடைப்பது அரிது.

செலவு குறைவு. 'இலவச நடை' என்று விளம்பரம் செய்பவை உண்மையில் இலவசம் இல்லை. முடிவில் ஆளுக்குப் பத்து யூரோவாவது கொடுப்பது மரியாதை. லியோன் சிட்டி கார்டு வாங்குகிறவர்களுக்குப் போக்குவரத்து, அருங்காட்சியகங்களோடு சுற்றுலா அலுவலகத்தின் வழிகாட்டி நடையும் அடக்கம். ஆனால் இந்த நடைகள் ஃபூர்வியேர் உச்சிக்குப் போவது குறைவு. அதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கல் தரையில் நிற்பதும் நடப்பதும் வயதானவர்களுக்கு ஏற்றத்தை விடவும் கடினம். இதுதான் நடையின் மறைமுகச் செலவு.

## மலை ரயிலும் சொந்த நடையும்

பழனியில் விஞ்ச் ஏறியவர்களுக்கு விளக்கமே வேண்டாம். கயிறு இழுக்க, சரிவில் பெட்டி ஏறும் அதே ஏற்பாடு. பழைய லியோன் மெட்ரோ நிலையத்திலிருந்து இரண்டு தடங்கள் கிளம்புகின்றன. ஒன்று நேராக பசிலிக்கா வாசலுக்கு. மற்றது மினிம் நிறுத்தம் வழியாகச் சேன்-ஜூஸ்ட்டுக்கு. மினிமில் இறங்கினால் ரோமானிய அரங்கம் பக்கம். சில நிமிடப் பயணம்தான். சுமார் 2 யூரோ சாதாரண டிக்கெட்டே போதும். மெட்ரோ, டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரம் அதே டிக்கெட் செல்லும். குருவா-ரூஸுக்கு மெட்ரோ 'சி' தடம். அதுவும் பல்சக்கரத் தண்டவாளத்தில் மேடேறும் ரயில்தான்.

ஆக, ஸ்கூட்டர் தருவதாகச் சொல்லும் பெரிய நன்மை, அதாவது மேடேறாமல் மேலே போவது, லியோனில் 2 யூரோவுக்கே கிடைக்கிறது. இதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை.

மேலே ஏறிப் பார்த்துவிட்டு, ஜெபமாலைத் தோட்டம் வழியாகப் படிகளில் இறங்கிப் பழைய லியோனுக்கு வந்துவிடலாம். இறக்கம்தான், ஆனால் முட்டிக்கு இறக்கமும் வேலைதான். அம்மா அப்பாவை அதே ரயிலில் கீழே அனுப்பிவிடுங்கள். இதில் இல்லாதது கதை ஒன்றுதான். முன்கூட்டிப் படித்துவிட்டு வருகிறவருக்கு அதுவும் குறையாகத் தெரியாது.

## சைக்கிள்

லியோனில் வெலோவ் என்ற நகர சைக்கிள் 2005 முதல் ஓடுகிறது; பாரிஸுக்கே முன்னோடி. ரோன் கரையில் ஒரு காலத்தில் கார் நிறுத்தமாக இருந்த இடத்தை 2007இல் ஐந்து கிலோமீட்டர் நடைபாதையும் சைக்கிள் பாதையுமாக மாற்றினார்கள். அதில் வடக்கே போனால் 117 ஹெக்டேர் தெத் தோர் பூங்கா. சமதரைதான், மனதுக்கு இதமான பயணம். குருவா-ரூஸ் குன்றைக் குடைந்து பஸ், சைக்கிள், நடப்பவர்களுக்காகவே 2013இல் திறந்த சுரங்கப்பாதையும் ஓர் அனுபவம். உள்ளே சுவரில் படம் ஓடிக்கொண்டிருக்கும்.

ஃபூர்வியேருக்கு மட்டும் சாதாரண சைக்கிளில் முயல வேண்டாம். வரலாற்றை விடக் காற்றும் ஆறும் வேண்டும் என்பவர்களுக்கு இது. மறைமுகச் செலவு, நேரம் தாண்டினால் ஏறும் கட்டணமும், சேர வேண்டிய நிலையத்தில் நிறுத்த இடம் இல்லாமல் அடுத்த நிலையம் தேடும் அலைச்சலும்.

## செயலியில் தெரு ஸ்கூட்டர், தனியாக

திறக்கச் சுமார் ஒரு யூரோ, பிறகு நிமிடக் கணக்கு. சுற்றிப் பார்க்க இது ஏற்றதல்ல. ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போகத்தான். நடைமேடையில் ஓட்டினால் 135 யூரோ அபராதம், காதில் இயர்போன் மாட்டினாலும் அதே. தடித்த டயரும் கிடையாது, பழக்கித் தருபவரும் கிடையாது. வெளியூர்க்காரருக்கு நான் சொல்ல மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| | வழிகாட்டி ஸ்கூட்டர் | வழிகாட்டி நடை | மலை ரயில் + நடை | வெலோவ் |
|---|---|---|---|---|
| மேடு | அலட்டாமல் ஏறும் | கடினம் | மிக எளிது | வேண்டாம் |
| பழைய லியோன் | உருட்டல்தான் | மிக நல்லது | நல்லது | பயனில்லை |
| திராபூல் | ஒன்றிரண்டு | நிறைய | தேடத் தெரிந்தால் | இல்லை |
| ஆற்றங்கரை | நல்லது | கொஞ்சம் | கொஞ்சம் | மிக நல்லது |
| 14 வயதுக்குக் கீழ் | முடியாது | சரி | சரி | முடியாது |
| முதியவர் | வேண்டாம் | பார்த்து | சரி | வேண்டாம் |
| மழை | ஆபத்து | குடை போதும் | குடை போதும் | தொல்லை |
| நால்வருக்குச் செலவு | 200 யூரோ அளவு | 40 முதல் 80 | 30க்குள் | 30க்குள் |

## யாருக்கு எது

வேலைக்குப் போகும் நண்பர்கள் நான்கைந்து பேர், எல்லாரும் பைக் ஓட்டுகிறவர்கள், கையில் அரை நாள்தான் என்றால் ஸ்கூட்டரைத் தாராளமாக எடுங்கள். பணம் வண்டிக்கும் காட்சிக்கும் சேர்த்து என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, சேன்-ஜான் தெருவில் நீங்களாகவே இரண்டு கதவுகளைத் தள்ளிப் பாருங்கள். முழு நாள் இருந்தால் இதே இரண்டையும் அவசரமில்லாமல் செய்யலாம்.

கணவன் மனைவி, ஒருவருக்கு வண்டி ஆசை, மற்றவருக்குப் பயம் என்றால் பயப்படுகிறவரை வற்புறுத்தி ஏற்றாதீர்கள். வரிசையில் ஒருவர் தயங்கினால் மொத்தக் குழுவும் தேங்கும், அவருக்கும் பார்த்தது எதுவும் மனதில் நிற்காது. ஒருவர் ஸ்கூட்டரில் வரட்டும், மற்றவர் மலை ரயிலில் வரட்டும். பசிலிக்கா வாசலில் சந்தித்துக்கொள்ளலாம்.

குழந்தைகளோ பெற்றோரோ கூட இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மலை ரயில். வரலாற்றில் ஊறியவர்கள், நெசவு, தறி, தொழிலாளர் போராட்டம் என்று ஆர்வம் உள்ளவர்கள் குருவா-ரூஸ் போகும் வழிகாட்டி நடையைத் தேடிப் பிடியுங்கள். சுற்றுலாத் தொகுப்புகளில் அது கடைசியில்தான் இருக்கும். எனக்குப் பிடித்ததும் அதுதான்.

## பதிவு செய்யும் முன்

ஸ்கூட்டர்தான் என்று முடிவானால் கேட்க வேண்டியவை சில. ஆங்கிலத்தில் பேசும் சுற்று எந்த நாளில்? பிரெஞ்சுச் சுற்றில் சேர்ந்துவிட்டால் கதை முழுவதும் போச்சு. மழை வந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா, தேதி மட்டும்தான் மாறுமா? ஃபூர்வியேர் உச்சிக்குப் போகுமா, ஆற்றங்கரையோடு முடிந்துவிடுமா? மேலே போகாத சுற்றுக்கு அவ்வளவு பணம் கொடுப்பதில் அர்த்தமே இல்லை.

நேரத்தைப் பொறுத்தவரை காலைதான் சிறந்தது. திராபூல் கதவுகள் பெரும்பாலும் காலையில்தான் திறந்திருக்கும். தெருவும் காலியாக இருக்கும். ஜூன், ஜூலையில் ரோமானிய அரங்கில் கலைவிழா நடக்கும். அப்போது மேடையும் விளக்குக் கம்பங்களும் அரங்கை மறைத்துவிடும். டிசம்பர் 8ஐ ஒட்டிய ஒளி விழா நாட்களில் ஊர் முழுக்க மனிதத் தலைகள். அப்போது ஸ்கூட்டரையும் சைக்கிளையும் மறந்துவிடுங்கள். அரங்கத்துக்குப் பக்கத்திலுள்ள லுக்டூனம் அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும், அதனால் ஒரே நாள் பயணமென்றால் அந்தக் கிழமையைத் தவிர்த்து ரயில் டிக்கெட் போடுங்கள்.